குறட்டை விடும் மாடு

(கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில், தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேசியது)



சம்பளப் பேச்சு முடிந்தது என்று எழும்பிவிடாதீர்கள். இனி மாட்டுப் பேச்சு. அரைப் பேர் விழுகிற மாதத்தில் பல வீடுகளில் அடுப்பெரிவது பால் காசில்தான். ஆகவே இதுவும் சம்பளப் பேச்சுத்தான்.

போன வருஷம் கீழ் லயத்து அக்கா ஒருவரின் பசு, நின்றபடியே குறட்டை விட்டது. மூக்கில் சளி, சில நாள் இரத்தம். சிலர் தடிமன் என்றார்கள், சிலர் கண்ணூறு என்றார்கள். படித்த நானோ, அட்டை ஏறியிருக்கும் என்றேன். பால் பாதியானதும் அக்கா அதை இறைச்சிக்காரரிடம் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். பிறகுதான் மிருக வைத்தியர் ஒருவரிடம் விசாரித்தேன். "மூக்குப் புழுவாக இருக்கலாம். சளியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்றார்.

இது வயிற்றுப் புழு அல்ல. மூக்கின் இரத்தக் குழாய்களுக்குள் வாழும் தட்டைப்புழு. எம். ஏ. என். ராவ் என்பவர் 1933இல் இந்தியாவில் இதற்குப் பெயரிட்டார். ஆண் புழு பெண் புழுவைத் தன் உடம்பின் மடிப்பிலேயே வைத்துக்கொள்ளும். குடும்பம் நடத்துவதில் கெட்டிதான்! முட்டைகள் மூக்குச் சதையில் தங்கி அதை வீங்க வைக்கின்றன. குறட்டை அதனால்தான். மிச்ச முட்டை, மாடு தண்ணீர் குடிக்கும்போது சளியோடு குளத்தில் விழும். பொரித்த குஞ்சு ஒரு தட்டையான நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு வெளியே நீந்திவந்து, தண்ணீரில் நிற்கும் அடுத்த மாட்டின் தோலைத் துளைக்கும். எருமைக்கும் வரும், ஆனால் பெரும்பாலும் வெளியே காட்டாது.

நம் காலிலும் துளைக்கும். நமக்குள் வளராமல் செத்துவிடும், அரிப்புத்தான் மிச்சம். ஆப்பிரிக்காவில் இதன் உறவுப் புழுக்கள் மனிதர் உடம்பிலேயே குடியிருந்து சிறுநீர்ப்பையையும் ஈரலையும் கெடுக்கின்றன.

மாடு குறட்டை விட்டால் விற்க ஓடாதீர்கள். அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சளியை உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். மருந்து உண்டு. ஆனால் அதே வயலோரக் குட்டையில் மறுபடி இறக்கினால் மறுபடி வரும்.

அதனால் துரையிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம்: பீலித் தண்ணீரில் ஒரு குழாய், மாட்டுக்கு ஒரு சீமெந்துத் தொட்டி. மாடு வைத்திருப்பவர்கள் போகும்போது தலைவரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.