தோள்மூட்டையும் தோழமையும்
(தில்லியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற குளிர்கால விடுமுறையில் நண்பர்கள் நால்வர் தோளில் மூட்டை சுமந்து அயல்நாடு சென்று வந்தோம். அதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அயல்நாடு என்றதும் கடல் கடந்த தேசங்களை எண்ண வேண்டா. நாங்கள் சென்றது நேபாளம். இந்தியர்க்கு அங்கே விசா வேண்டுவதில்லை. வாக்காளர் அட்டையே போதும். எனினும் அயல்நாடு அயல்நாடுதான். காத்மாண்டுவில் இறங்கியவுடன் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியோ, விக்கிரம ஆண்டுக் கணக்கில், நமக்கு ஏறத்தாழ 57 ஆண்டு முன்னே நிற்கும்.

போக்ராவில் பேவா ஏரிக்கரையில் ஓரிரவு தங்கி, வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, அன்னபூர்ணா மலைச்சாரலில் நடக்கத் தொடங்கினோம். 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் ஹில் என்னும் முகட்டில் நின்று கதிரவன் எழுவதைக் காண்பதே எங்கள் நோக்கம். நாள்தோறும் எங்கே உண்பது, எங்கே உறங்குவது என்று அட்டவணை வகுத்தவன் நான். அதில் எனக்குச் சற்றே செருக்கும் இருந்தது.

இரண்டாம் நாள் உல்லேரியின் 3,000க்கும் மேற்பட்ட கற்படிகளில் ஏறினோம். வழிகாட்டி அடிக்கடி "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றார். மெல்ல, மெல்ல என்பது அதன் பொருள். நான் அதைச் செவிமடுக்கவில்லை. எங்களுள் ஒருவன் நண்பகலிலிருந்தே பேச்சைக் குறைத்துக்கொண்டான். அதைக் கண்டேன், களைப்பென்று எண்ணி விரைவுபடுத்தினேன். அன்று மாலைக்குள் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயர்ந்து, 2,860 மீட்டரில் உள்ள கோரேபானியை அடைந்தோம்.

இரவில் அவனுக்குத் தலைவலி மிகுந்தது, வாந்தியும் கண்டது. 2,500 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறுவோர்க்கு உயிர்வளிக் குறைவால் இந்நோய் வரலாம். நோய் கண்ட பின் மேலே ஏறலாகாது. மிகுமாயின், இரவென்றும் பாராமல் கீழே இறங்க வேண்டும். இவையெல்லாம் நான் முன்பே படித்தவைதாம். படித்தவன் நான், நினைவில் வைத்து நடந்தவர் வழிகாட்டி. "இவ்வளவு தொலைவு வந்துவிட்டேன், என்னையும் அழைத்துச் செல்" என்று நண்பன் என் கையைப் பற்றிக் கெஞ்சியபோது, அட்டவணை வகுத்த என் செருக்கு அழிந்தது.

விடியுமுன் மற்ற இருவரும் வழிகாட்டியுடன் முகட்டுக்குச் சென்றனர். நான் அவனருகே இருந்தேன். விடுதி நடத்திய அம்மையாரை நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று அழைத்தோம். அவர் வெந்நீர் தந்து எங்களோடு விழித்திருந்தார். நாங்கள் தில்லியிலிருந்து வருகிறோம் என்று அறிந்ததும் அவர் முகம் மாறியது. "என் கணவரும் அங்கேதான் இருக்கிறார், ஒரு குடியிருப்பில் இரவுக் காவல். தசைன் பண்டிகைக்கு மட்டும் வருவார்" என்றார். சற்று நேரங்கழித்து, "தில்லியில் குளிர் மிகுதியோ?" என்று வினவினார். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. சன்னலுக்கு வெளியே 8,167 மீட்டர் உயர்ந்த தவளகிரியின் உச்சி செம்பொன்னாயிற்று. நோயுற்ற நண்பன் தலையணையிலிருந்தே அதைக் கண்டான். வெயில் ஏறியதும் நால்வரும் கீழே இறங்கினோம். இறங்க இறங்க அவன் தெளிந்தான்.

தில்லி திரும்பிய இரவு, எங்கள் குடியிருப்பின் வாயிலில் வழக்கமான காவலர் கதவைத் திறந்தார். எட்டாண்டுகளாக அவரை நாங்கள் "பகதூர்" என்றே கூப்பிட்டு வந்தோம். அன்றுதான் அவர் ஊரையும் பெயரையும் கேட்டேன். அவர் பெயர் பகதூர் அன்று.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம், நம் பெயரைப் பிறர் பிழையாக உச்சரித்தாலே மனம் வருந்துகிறோம். பெயரே கேட்கப்படாமல் எட்டாண்டு நின்றவரை எண்ணிப் பாருங்கள்.

இளைஞர்களே! கட்டாயம் மூட்டை தூக்கிப் புறப்படுங்கள். ஆனால் அட்டவணையில் ஒரு நாளை வெறுமையாக விட்டுவையுங்கள். குழுவில் மெல்ல நடப்பவன் எவனோ அவன் நடையே அனைவர்க்கும் நடையாகட்டும். உடன் வருபவன் முகத்தைப் பாராதவன் எந்த மலையைப் பார்த்தும் பயனில்லை.