முதுகெலும்பும் முன்வினையும்

(புதுவைப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



நான் இன்று பேச வந்தது கடவுளைப் பற்றியல்ல, இடுப்பு வலியைப் பற்றியாகும். ஆனால் நம் நாட்டில் இடுப்பு வலியைப் பற்றிப் பேசினாலும் கடவுள் குறுக்கே வந்து படுத்துக்கொள்ளுகிறார். அதற்கு நான் ஜவாப்தாரியல்ல.

நம் புதுவையில் பட்டாளத்துக்குப் போய் வந்த குடும்பங்கள் பல. கடற்கரையில் 1938-ல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னமே அதற்குச் சாட்சி. பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிறவர்களும், இந்திய சர்க்கார் பென்ஷன் வாங்குகிறவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இவர்களில் கை போனவனுக்கும் கண் போனவனுக்கும் குறையைக் காட்டச் சாட்சி தேவையில்லை. முதுகெலும்பு கெட்டவன் கதியோ வேறு. மூட்டை சுமந்து, லாரியில் குலுங்கி, மேட்டிலிருந்து குதித்து வருஷக்கணக்கில் உழைத்தவனுக்கு, எலும்புக் கணுக்களுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இடுப்பிலிருந்து பாதம் வரை தீ ஓடுவதுபோல் வலி. கால் மரத்துப் போகிறது. வெளியே பார்த்தால் ஆள் கல்லுப்போல இருக்கிறான். "இவனுக்கென்ன கேடு?" என்கிறது ஊர்.

அவன் எங்கே போகிறான்? ஜோசியனிடம் போகிறான். ஏழரை நாட்டுச் சனி என்றதும் திருநள்ளாற்றுக்குப் போய்க் குளித்து விளக்குப் போட்டு வருகிறான். சனி விட்டதோ இல்லையோ, டாக்டர் சீட்டு ஒன்றுகூட அவன் கையில் சேரவில்லை. வலி வந்த தேதி பட்டாளத்து வைத்தியக் குறிப்பில் ஏறவில்லை. பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது சனி பகவானா வந்து சாட்சி சொல்லுவார்?

நிற்க. கோயிலுக்குப் போகாமல் மனுப்போட்டவனுக்கு மட்டும் உடனே கிடைத்துவிடுகிறதா என்றால், அதுவுமில்லை. "இது உன் உடற்கூற்றிலேயே உள்ள கோளாறு, உத்தியோகத்தால் வந்ததல்ல" என்று பதில் வருகிறது. முன்வினை என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் மூட்டை தூக்கச் சொன்னவன் தப்பித்துக்கொள்ளுகிறான். வயதாலும் வட்டு தேயும் என்பது உண்மைதான். அதை மறுப்பது பகுத்தறிவாகாது. யார் ருசுப்படுத்த வேண்டும் என்பதே கேள்வி.

இதற்கு 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பதில் சொல்லிற்று. அவருக்கு வந்தது வலிப்பு நோய். அதையும் உடற்கூற்றுக் கோளாறு என்றே தள்ளியிருந்தார்கள். சேரும்போது வியாதி எதுவும் குறிக்கப்படாமல், பின்பு வியாதியால் விலக்கப்பட்டால், அது சேவையால் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லையென்பவரே ருசுப்படுத்த வேண்டும். வைத்தியக் குழு காரணம் எழுத வேண்டும் என்று கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். 2023 செப்டம்பர் 21 முதல் விலகியவர்களுக்குப் புது விதிகள் வந்திருக்கின்றன. ஆகவே விலகிய தேதியை முதலில் பாருங்கள்.

பிரெஞ்சு தேசத்தில் 1919 மார்ச்சு 31-ந் தேதிச் சட்டமே இதைத் தர்மமாக்காமல் உரிமையாக்கிற்று. வியாதி சேவையால் வந்ததென்று அனுமானிக்கவும் இடம் கொடுத்தது. ஆனால் அதே தேசம் 1959-ல், விடுதலையடைந்த காலனிகளின் பிரஜைகளாகிவிட்ட பழைய சிப்பாய்களின் பென்ஷனை உயராதபடி நிறுத்தி வைத்தது. ஒரே குண்டு, ஒரே காயம்; பாரிஸ்காரனுக்கு ஒரு விலை, செனெகால்காரனுக்கு ஒரு விலை! சமத்துவம் என்று கல்லில் செதுக்கி வைத்தவர்களின் யோக்கியதை இது. நம் அக்கிரகாரத்தார் கேட்டால், "மனு அன்றே சொல்லிவிட்டார்" என்று பெருமைப்படுவார்கள். 2001-ல் செனெகால் சிப்பாய் ஒருவரின் வழக்கில் பிரெஞ்சு உயர் நிர்வாக நீதிமன்றமும், 2010-ல் அரசியலமைப்புக் குழுவும் இது சமத்துவத்துக்கு விரோதமென்று சொன்ன பிறகே முழுதும் ஒழிந்தது. அதற்குள் கிழவர்களில் எத்தனையோ பேர் செத்துப்போனார்கள்.

தோழர்களே! கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உங்கள் வீட்டில் இப்படி வலியோடு படுத்திருப்பவர் இருந்தால், அவர் ஜாதகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, பட்டாளத்து டிஸ்சார்ஜ் புஸ்தகத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். மனு எழுத இங்கு ஆள் இருக்கிறார்கள், காசு வேண்டாம்.