உயிலும் இரு சாட்சிகளும்

வஞ்சியூர் நீதிமன்றத்தில் வழக்கறிஞனாகத் தொழில் செய்யும் எனக்குச் சொத்துரிமையைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் பணித்தனர்.

பழைய திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளரின் சொத்து, பெற்ற மக்களை விட்டுச் சகோதரியின் மக்களுக்கே சென்றது. அக்கொடுமையை ‘மருமக்கள்வழி மான்மிய’த்தில் கவிமணி எள்ளி நகையாடினார். 1926இல் அவ்வேளாளருக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. பின்னர் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி, உயிலின்றி மறைந்தவரின் சொத்தில் மனைவி, மக்கள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு உண்டு. “தாய்க்குமா?” என்று வியப்போருள் படித்தவர்களே மிகுதி!

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா, வெள்ளைத்தாளே போதும். ஆனால் இருவர் சாட்சிக் கையொப்பமிடல் வேண்டும். வீட்டை மனைவிக்கே எழுதிவைத்தார் ஒருவர், சாட்சியோ ஒருவரே. உயில் செல்லவில்லை. அவ்வம்மையார் பங்காளியாகவே தம் வீட்டிற்குத் திரும்பினார்.