பேர் மணிக்கு, வேலை கம்பிக்கு



பழனி அடிவாரமோ, திருவண்ணாமலை கிரிவலப் பாதையோ, உங்கள் ஊர்ப் பேருந்து நிலையமோ, நரிக்குறவர் பெண்கள் தரையில் துணி விரித்துப் பாசிமணி, ஊசிமணி விற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் கண் விரிப்பில் கிடக்கும் மாலைகளின் மேலேயே இருக்கும். அடுத்த தடவை அவர்கள் கையைப் பாருங்கள். விலை சொல்லிக்கொண்டும், பக்கத்தில் ஓடுகிற பிள்ளையை அதட்டிக்கொண்டும் இருக்கும்போதே வலது கையில் ஒரு சின்னக் குறடு திரும்பிக்கொண்டே இருக்கும். கம்பியில் ஒரு மணி ஏறும். கம்பி மடங்கும். ஒரு சுற்று, ஒரு வெட்டு, அடுத்த மணி. பார்க்காமலே செய்வார்கள்.

இதையேதான் நகரத்தில் ‘ஜுவல்லரி மேக்கிங்’ என்று பெயர் வைத்துக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். தரட்டும், நல்லதுதான். ஆனால் அந்த வகுப்புகளில் பாதி நேரம் மணிகளைப் பற்றியே போய்விடுகிறது. எந்த நிறத்துக்கு எந்த நிறம், எந்தப் புடவைக்கு எந்த மாலை என்று பேசிப் பேசியே பொழுது தீர்ந்துவிடும். ஒரு நகை பத்து வருஷம் உழைப்பதும், கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் அறுந்து கொட்டுவதும் மணியால் அல்ல. கம்பியால். அதிலும் கம்பியின் முனையில் இருக்கிற மூன்று மில்லிமீட்டர் வளையத்தால். அதனால் இன்றைக்கு அந்த வளையத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

மணியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். மணி செய்வதில் நம் பக்கத்துக்குப் பழைய பேர் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்று ஓர் ஊர். சங்க இலக்கியமான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அங்கே அகழ்ந்தபோது சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல் மணிகள் கிடைத்தன. முடித்த மணிகள் மட்டுமல்ல, பாதி வேலையில் நின்றுபோனவையும் கிடைத்தன. அதனால்தான் அது மணி விற்ற ஊர் மட்டுமல்ல, மணி செய்த ஊர் என்று சொல்ல முடிகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்தார்கள். உருகிய கண்ணாடியை நடுவில் துளையோடு நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி முனையை மழுக்குகிற முறை அது. ஆந்திராவில் காளஹஸ்திக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் அந்த முறை நம் காலம் வரை வந்திருக்கிறது.

கம்பி வேலையும் நமக்குப் புதிதல்ல. பாட்டி காலத்துப் பவள மாலை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நூலில் கோத்ததாக இருக்காது, தங்கத்தில் கட்டியதாக இருக்கும். ஒவ்வொரு பவளத்துக்குள்ளும் மெல்லிய தங்கக் கம்பி ஓடி, இரண்டு பக்கமும் வளையமாகி, அடுத்த பவளத்தின் வளையத்தோடு மாட்டியிருக்கும். செம்பிலோ வெள்ளியிலோ கட்டிய ருத்ராட்ச மாலையும் அப்படியே. நூல் ஓரிடத்தில் அறுந்தால் மணி அத்தனையும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கம்பியில் கட்டியது ஓரிடத்தில் விட்டால் அந்த ஒரு கண்ணியைத்தான் செப்பனிட வேண்டும்.

சரி, வீட்டில் தொடங்குவதற்கு என்ன வேண்டும்? கருவி மூன்று போதும். நுனி உருண்டையாகக் கூம்பி இருக்கிற ரவுண்ட் நோஸ் பிளையர், நுனி தட்டையான நோஸ் பிளையர், ஒரு கட்டர். ஃபேன்ஸி பொருள் கடைகளில் சிறிய அளவிலேயே கிடைக்கும். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கிற பெரிய பிளையர் வேண்டாம், அதன் பல் கம்பியில் தழும்பு போடும். வேலை செய்கிற இடத்தில் ஒரு பழைய டர்க்கி டவலை விரித்துக்கொள்ளுங்கள், மணி உருண்டு ஓடாது.

இப்போது கம்பி. கம்பியின் கனத்தை கேஜ் என்பார்கள். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். இதில் ஒரு வம்பு இருக்கிறது. அமெரிக்க கேஜ் வேறு, பிரிட்டிஷ் கேஜ் வேறு. அமெரிக்கக் கணக்கில் 20 கேஜ் என்றால் சுமார் 0.8 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் கணக்கில் அதே 20 கேஜ் 0.9 மில்லிமீட்டருக்கும் சற்று மேலே. நீங்கள் பார்க்கிற செய்முறை வீடியோ பெரும்பாலும் அமெரிக்க அளவைச் சொல்லும். நம் ஊர் மோட்டார் வைண்டிங் கடைக்காரர் எஸ்.டபிள்யூ.ஜி. என்கிற பிரிட்டிஷ் அளவில் கம்பியை வெட்டிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மணித் துளைக்குள் கம்பி நுழையாது. அதனால் கேஜ் பேச்சே வேண்டாம், மில்லிமீட்டரில் கேளுங்கள். காது வளையத்துக்கு 0.8. மணிகளைக் கட்ட 0.5. துளை சிறுத்த முத்துக்கு 0.4.

பழகுவதற்கு அந்த மோட்டார் வைண்டிங் செம்புக் கம்பியே நல்லது. மிருதுவாக வளையும், விலையும் அதிகமில்லை, மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு இருப்பதால் சீக்கிரம் கறுக்காது. கட்டடத்தில் பயன்படுத்துகிற கட்டுக்கம்பி இந்த வேலைக்கு ஆகாது. அது இரும்பு. ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து ரவிக்கையில் கறை ஏற்றிவிடும்.

செம்புக் கம்பியிடம் ஒரு குணம் உண்டு. வளைக்க வளைக்க அது விறைத்துக்கொள்ளும். உலோகத்துக்குள் அணு வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவுவதால்தான் கம்பி வளைகிறது. திரும்பத் திரும்ப வளைத்தால் வரிசைகளில் சிக்கல் விழுந்து, நழுவ இடமில்லாமல் போகும். அப்புறம் மடக்கினால் ஒடியும். ஆசாரிகள் கம்பியை அச்சில் இட்டு இழுக்கும்போது இடையிடையே நெருப்பில் காட்டுவது அதை மறுபடி இளக வைப்பதற்காகத்தான். வீட்டில் நமக்கு இந்த விறைப்பு சாதகமாகவே இருக்கிறது. ஒழுங்காகச் சுற்றிய வளையம் சுற்றுகிற வேலையிலேயே கெட்டிப்பட்டு நின்றுவிடும். சரியில்லையே என்று நிமிர்த்தி, மறுபடி வளைத்து, மறுபடி நிமிர்த்தினால்தான் ஆபத்து. வளையம் கோணலாகிவிட்டால் அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுத் துண்டில் தொடங்குங்கள். செம்பு போனால் போகட்டும்.

இப்போது வளையம். 8 மில்லிமீட்டர் மணி ஒன்றும், 0.5 மில்லிமீட்டர் கம்பியில் 8 சென்டிமீட்டர் துண்டு ஒன்றும் எடுத்துக்கொள்வோம். கம்பியை மணிக்குள் விட்டு, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்படி வையுங்கள். மணியை ஒட்டினாற்போல மடக்கக் கூடாது. 2 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். அதைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கழுத்தைத் தட்டை பிளையரின் நுனியால் பிடித்து, மேலே நிற்கிற கம்பியைச் செங்கோணமாகச் சாயுங்கள். பிறகு உருண்டை பிளையரை அந்த மடிப்பில் வைத்து, கம்பியை அதற்கு மேலாகக் கொண்டுவந்து மறுபக்கம் இறக்கினால் அரை வட்டம் வரும். பிளையரின் தாடையை மாற்றி வைத்து மீதியையும் வளைத்தால் முழு வட்டம். கம்பியின் வால் இப்போது கழுத்துக்குக் குறுக்கே நிற்கும்.

இங்கே நிறுத்துங்கள். அவசரப்படுகிறவர்கள் எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இது. வாலைச் சுற்றிப் பூட்டுவதற்கு முன்பே பக்கத்து மணியின் வளையத்தை இதற்குள் மாட்டிவிட வேண்டும். பூட்டிய பிறகு மாட்ட வழியே கிடையாது. மாட்டியாயிற்றா? வளையத்தைத் தட்டை பிளையரால் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, வாலைக் கழுத்தில் மேலிருந்து மணியை நோக்கி மூன்று சுற்று சுற்றுங்கள். சுற்றுகள் ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார வேண்டும், ஏறி உட்காரக் கூடாது. மிச்சத்தை ஒட்ட நறுக்கி, வெட்டிய முனையைப் பிளையரால் அழுத்திவிடுங்கள். விரலால் தடவிப் பாருங்கள். விரலில் தைத்தால் நாளைக்குப் பட்டுப் புடவையிலும் தைக்கும்.

வளையங்கள் எல்லாம் ஒரே அளவில் வருவதற்குச் சின்ன உபாயம் ஒன்று. உருண்டை பிளையரின் நுனி கூம்பி இருப்பதால், நுனியில் வளைத்தால் சிறியது, உள்ளே தள்ளி வளைத்தால் பெரியது. உங்களுக்குப் பிடித்த அளவு வருகிற இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலேயே வளையுங்கள்.

வெட்டும்போது முனையைத் தரை பார்த்துப் பிடித்து, இன்னொரு கையால் மூடிக்கொள்ளுங்கள். தெறிக்கிற துண்டு கண்ணுக்குப் போகலாம். செருப்பில்லாமல் நடக்கிற வீடுகள் நம்முடையவை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போடாமல் எழுந்திருக்க வேண்டாம்.

ஒரு மாலைக்கு எத்தனை வளையம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணி 8 மில்லிமீட்டர், இரண்டு பக்கக் கழுத்தும் வளையமும் சேர்த்து ஒரு கண்ணி ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். 18 அங்குல மாலை என்றால் சுமார் 45 சென்டிமீட்டர். கண்ணி 25, வளையம் 50, கம்பி இரண்டு மீட்டர். கைபழகி, வளையத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தை நெருங்கிவிடும். பழகாத கைக்கு ஒரு மத்தியானம் முழுவதும் போகும்.

விற்கலாம் என்று நினைக்கிற சகோதரிகள் இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மணி விலை, கம்பி விலை, கொக்கி விலை எல்லாம் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து விலை சொல்கிறார்கள். அந்த 50 வளையத்துக்குக் கூலி எங்கே என்று கேட்டால், “வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்” என்பது பதில். எனக்கு அது சம்மதமில்லை. நேரத்துக்கு ஒரு விலை வையுங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் மாலையை விட்டுவிட்டுக் கம்மல் செய்யுங்கள், வளையம் குறைவு. இதே கேள்வியை வாங்குகிறவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023-இல் வந்தது. பட்டியல் மாறினாலும், கண்ணாடிக் கடைக்குள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, தரையில் விரித்த மாலைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிற நம் பழக்கம் மாறியபாடில்லை.

கம்மல் என்றதும் காதில் நுழைகிற கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விலை மலிந்த கொக்கிகளில் நிக்கல் கலந்திருக்கும், அல்லது முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கும். சிலருக்குக் காது சிவந்து, அரித்து, நீர் வடிவது அதனால்தான். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே நகையிலிருந்து தோலில் இறங்குகிற நிக்கலுக்கு வரம்பு கட்டியது. நமக்கு எளிய வழி, வெள்ளிப் பட்டறையில் 0.8 மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பி வாங்கி நாமே கொக்கி வளைப்பது. ஒரு பேனாவின் உடம்பில் வைத்து வளைத்தால் போதும், அழகான வளைவு வந்துவிடும். காதில் நுழைகிற முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்குவதை மட்டும் மறக்க வேண்டாம். இரண்டு கம்மலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யாமல் ஒவ்வொரு படியையும் இரண்டுக்கும் சேர்த்தே செய்யுங்கள். இதற்கொரு மடக்கு, அதற்கொரு மடக்கு. இல்லாவிட்டால் ஒன்று காது மடலோடு நிற்கும், மற்றொன்று தோளைத் தொடப் பார்க்கும்.

கடைசியாக, பராமரிப்பு. பூச்சில்லாத செம்பு வியர்வை பட்டால் கழுத்தில் பச்சையாகக் கறை விடும். பயப்பட ஒன்றுமில்லை, வியர்வையின் உப்போடு செம்பு சேர்ந்து உண்டாகிற கறை அது, சோப்புப் போட்டால் போய்விடும். மாலை கறுத்தால் பூஜைப் பாத்திரம்போலப் புளி போட்டுத் துலக்குவோம் என்று பலருக்கும் கை பரபரக்கும். வெறும் கண்ணாடி மணியானால் துலக்கிக்கொள்ளுங்கள், உடனே கழுவித் துடையுங்கள். முத்தும் பவளமும் இருந்தால் புளியும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். அவை இரண்டும் அடிப்படையில் சுண்ணாம்புச் சத்து, புளிப்பு அவற்றின் மெருகைத் தின்றுவிடும். ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத ஜிப் கவரில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டு வையுங்கள். ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் திணித்தால் அவசரத்துக்கு எடுக்கும்போது ஒரு மாலைக்கு நான்கு மாலை சேர்ந்து வரும்.