எருமை போயிற்று, பெயர் நிற்கிறது



ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் நம்மவர்களில் எத்தனை பேர் தெருப் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்க்கிறார்கள்? தேக்காவில் கறிவேப்பிலை, முஸ்தபாவில் பெட்டி, பிறகு ரயிலடி. அவ்வளவுதான்!

தேக்கா சந்தையை ஒட்டியே பஃபலோ ரோடு. பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. மலாய் மொழியில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். ஒரே எருமைக்கு இரண்டு தெரு! கேகே மருத்துவமனை இருக்கிறதே, 1966ல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸில் இடம்பெற்றதே, அந்த 'கேகே' என்ன? கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். அங்கே பிறந்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்லும் மாட்டு வியாபாரத்தை இங்கே இழுத்தன. வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிய பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரியின் பெயர். முதலாளிக்குத் தெரு கிடைத்தது, சரி. பால் கறந்து வீடு வீடாக ஊற்றிய தமிழர்களுக்கு? அவர்கள் கதை பேரப்பிள்ளைகளின் வாயில்தான் இருக்கிறது.

கேம்பல் லேனில் 2015ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போங்கள். ஆனால் முதலில் தாத்தாவை முன்னே விட்டு, பஃபலோ ரோட்டிலிருந்து நடந்தே போங்கள்.