கொடி, பூ, ரயில்: என் தபால் தலை ஆல்பம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உங்க ஸ்டாம்பு ஆல்பத்தைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். விடுதியில் என் அறைத் தோழர்களாக இருந்தவர்களுக்கு அந்த ஆல்பம் தெரியும். அதற்குள் இருக்கும் ஒரு தப்பு தெரியாது. ஐம்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. எங்களுக்கு ரயிலடி பொம்மிடி. பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோதே தபால் தலை சேர்க்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆல்பத்தை மூன்றாகப் பிரித்தேன்: கொடி, பூ, ரயில். ஏன் இந்த மூன்று என்றால், கையில் கிடைத்தது அவைதான். வேறு தத்துவம் ஒன்றும் இல்லை!

கொடிப் பக்கத்துக்கு நான் ஆசைப்பட்டது சுதந்திர இந்தியாவின் முதல் தபால் தலை. 1947 நவம்பர் 21-ல் வந்தது. மூவர்ணக் கொடி, மேலே ஜெய் ஹிந்த், விலை மூன்றரை அணா. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் பார்த்ததே இல்லை என்றார்கள். காரணம் பின்னால்தான் புரிந்தது. மூன்றரை அணா என்பது வெளிநாட்டுக் கடிதத்துக்கு. உள்ளூர்க் கடிதத்துக்கு ஒன்றரை அணா போதும். அதற்கு அடுத்த மாதம் அசோகச் சிங்கம் போட்ட தலை வந்தது. ஆக, கொடி பெரும்பாலும் கப்பலேறிப் போய்விட்டது. நமக்குச் சிங்கம்தான்.

ரயில் பக்கத்தில் 1953-ல் ரயில்வே நூற்றாண்டுக்கு வந்த இரண்டணாத் தலை இருக்கிறது. பழைய எஞ்சினும் புது எஞ்சினும் ஒரே தலையில். 1976-ல் நான்கு எஞ்சின்கள் வந்தன. 1993-ல் நீலகிரி மலை ரயிலுக்கும் இடம் கிடைத்தது. எனக்கு ஒரு குறை உண்டு. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கி, 1913-ல் ஓசூர் வரைக்கும் போனது. 1941-ல் மூடிவிட்டார்கள். அதற்கு யார் தபால் தலை போட்டார்கள்? டார்ஜிலிங்கும் ஊட்டியும் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வறண்ட சீமை ரயிலும் ரயில்தானே!

பூவுக்கு வருகிறேன். 1977 ஜூலையில் நான்கு பூக்கள் வந்தன. அதில் இரண்டு ரூபாய்த் தலையில் இருந்தது செங்காந்தள். நம் மாநிலப் பூ. எங்கள் ஊர் வேலியோரத்தில் கண்வலிக் கிழங்கு என்று சொல்லி மாட்டை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். நான் டிகிரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். இரண்டு ரூபாய் கொடுத்து அதை வாங்க மனசு வரவில்லை. இருபது வருஷம் கழித்துத்தான் வாங்கினேன்.

ஆனால் என் ஆல்பத்தில் முதல் பூ அதுவல்ல. அது மலேசியாவின் ஆர்க்கிட்.

என் சித்தப்பா சின்ன வயதிலேயே மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். தருமபுரி 1965-ல் தனி மாவட்டமான பிறகும் உறைமேல் "சேலம் ஜில்லா" என்றே எழுதுவார். 1965 முதல் மலேசியாவில் ஒரு வழக்கம் இருந்தது: 13 மாநிலங்களுக்கும் ஒரே ஆர்க்கிட் படம்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் அந்தந்த மாநிலத்தின் பெயர், அந்தந்தச் சுல்தான் முகம். சுல்தான் இல்லாத பினாங்கு, மலாக்கா போன்றவற்றுக்கு மாநிலச் சின்னம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பூ அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

1970-ல் ஒன்பதாவது படிக்கிறேன். சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா படித்துவிட்டு உறையோடு மாடத்தில் வைத்தார். மறுநாள் கத்தரிக்கோலால் பூவை மட்டும் வெட்டி எடுத்தேன். அதோடு விட்டேனா? பெட்டியில் இருந்த பழைய உறைகளையும் எடுத்து, பூக்களை வெட்டிக்கொண்டு, மீதியை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பதில் எழுதும்போதெல்லாம் பழைய உறையை எடுத்துக்கொண்டு போய், வாத்தியாரிடம் விலாசத்தைப் பார்த்து எழுதச் சொல்வார். விலாசம் உறையின் பின்பக்கம் மட்டும்தான் இருந்தது. கடிதத்தில் இல்லை.

அந்தக் கடிதத்தில் சித்தப்பா நிலத்தில் தன் பங்கைப் பற்றிக் கேட்டிருந்தார். "அண்ணன் என்ன சொன்னாலும் சரி, பதில் மட்டும் போடவும்" என்று எழுதியிருந்தார். பதில் போகவில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்தும் கடிதம் வரவில்லை. ஏமாற்றிவிட்டார் அண்ணன் என்று நினைத்திருப்பார். வேறு என்ன நினைக்க முடியும்?

அப்பா என்னை அடிக்கவில்லை. "பேராக்குல ஒரு தோட்டம்னு தெரியும். அத வச்சு என்னடா பண்றது?" என்றார். அவ்வளவுதான். சித்தப்பா பங்கு ஒன்றரை ஏக்கரைக் கடைசிவரை விற்கவும் இல்லை, எங்கள் பேருக்கு மாற்றவும் இல்லை.

1989-ல் அப்பா காலமானார். காரியம் முடிந்த அன்று ராத்திரி ஆல்பத்தை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆர்க்கிட் பக்கத்தில் பேராக் என்று இருக்கிறது. அப்பா சொன்னது சரி. மேலே தபால் முத்திரை. அதில் பாதிதான் தலையில் விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எஸ், யூ, என், ஜி. மீதி எழுத்துக்கள் உறையில் விழுந்திருக்கும். அது அடுப்பில் போய்விட்டது.

மேப்பைப் பிரித்தேன். பேராக்கில் ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் என்று ஓர் ஊர். தெற்கே சுங்காய் என்று ஓர் ஊர். இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து அதேதான். இரண்டும் ரயில் பாதையில் இருக்கிற ஊர்கள். தோட்டத் தமிழர்கள் இரண்டு பக்கமும் உண்டு. வெட்டாமல் விட்டிருந்தால் இன்னொரு எழுத்து போதும், எந்த ஊர் என்று தெரிந்திருக்கும்.

இரண்டு ஊர்க் கோவில்களுக்கும் எழுதிப் பார்த்தேன். பதில் வரவில்லை. சித்தப்பா இருந்தால் இன்று நூறு வயதைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். நிலம் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. போன வருஷம்கூட ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தம்பிகளா, உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதம் கிடந்தால் தலையை வெட்டாதீர்கள். உறையோடு அப்படியே வையுங்கள். சேர்ப்பவர்களும் இப்போது முழு உறையைத்தான் விரும்புகிறார்கள்.

ஆல்பம் வாசல் பக்கத்து மேஜையில் இருக்கிறது. பார்க்கலாம், ஆனால் எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள். பேராக்கில் உறவினர் உள்ளவர்கள் யாராவது இங்கே இருந்தால், சாப்பாடு முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். சாயங்காலம் ஆறு மணி வரை இங்கேதான் இருப்பேன்.