யானைக்கு ஒரு வீடு

தம்பலகாமத்து வயல்வெளி கந்தளாய்க் குளத்து நீரால் விளைவது. கதிர் முற்றுங்காலத்தில் அங்கே காவற்பரணில் விழித்திருக்கும் உழவனுக்கு யானையின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நேற்று வாய்க்காலருகே அடி பதித்த யானை இன்று பல கட்டைக்கு அப்பால் நிற்கும் என்பதை அவன் அறிவான். நடப்பதே யானையின் வாழ்வு. அத்தகைய விலங்குக்கு வீடு கட்டுவது எங்ஙனம்? மிருகக்காட்சிச்சாலைகளை அமைப்போர் முன் நிற்கும் வினா இதுவே.

யானை கட்டும் இடத்தைத் தமிழர் பந்தி என்றனர். ஆனைப்பந்தி என்னும் இடப்பெயர் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இன்றும் வழங்குகின்றது. இரவிற் பந்தியில் நின்ற யானை பகலில் வேலைக்கு நடந்தது. காட்சிச்சாலை யானைக்கோ அந்த நடையும் இல்லாது போயிற்று.

இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் 1965ஆம் ஆண்டளவில் யானைகளுக்கும் காண்டாமிருகங்களுக்குமெனக் கொங்கிறீற்று மாளிகையொன்று எழுந்தது. சேர் ஹியூ காசனும் நெவில் கொண்டரும் வகுத்த அக்கட்டடம் கலைஞரின் பாராட்டைப் பெற்றது. ஆயினும் 2001இல் யானைகள் அங்கிருந்து விப்சினேட் என்னும் விசாலமான இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கட்டடம் நின்றது, யானைகள் அதனை விட்டுப் போயின. விப்சினேட்டில் 2017இல் திறக்கப்பட்ட புதிய யானை மனையிலோ, ஆழமான மணலே தளமாயிற்று.

மணலுக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? யானையின் பெரும் பாரத்தைத் தாங்குவன நான்கு பாதங்கள். கடினமும் ஈரமுமான தரையில் நெடுநேரம் நின்றால் பாதம் வெடிக்கும்; நகத்தடியிற் சீழ் கட்டும். வளர்ப்பு யானைகளை வருத்தும் நோய்களுட் பாத நோய் முதன்மையானது. மணல் பாதத்துக்கு இதமளிக்கும். மேடாகக் குவித்தால், முதிய யானையும் அதிற் சாய்ந்து உறங்கி எளிதில் எழும்.

உணவையும் ஓரிடத்திற் குவித்தலாகாது. உயரத்தில் தொங்கவிட்டும் பலவிடங்களில் மறைத்தும் வைத்தால், யானை துதிக்கை நீட்டித் தேடி நடக்கும். மதங்கொள்ளும் ஆண் யானைக்குத் தனியிடம் வேண்டும். கொப்பன்ஹேகனில் நோர்மன் பொஸ்ரர் வகுத்து 2008இல் திறக்கப்பட்ட மனையில், மந்தைக்கும் ஆண் யானைக்கும் வெவ்வேறு கூடங்கள் உள்ளன. பாகனின் உயிரும் காக்கப்படவேண்டியதன்றோ? மனிதன் நுழைந்து தப்பவும் யானை நுழையாதிருக்கவும் இடைவெளி விட்டுத் தூண்கள் நடப்படுகின்றன. யானை கம்பிகளினூடே காலை நீட்ட, பாகன் வெளியே நின்று பாதத்தைத் துப்புரவாக்குவான்.

இலங்கையின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் அனாதை இல்லம், மாளிகையாற் புகழ்பெற்றதன்று. மந்தை மகா ஓயாவுக்கு நடந்து சென்று நீராடும் காட்சியாற் புகழ்பெற்றது. 1995இல் உடவளவையில் அமைந்த யானைக்குட்டிகள் இல்லம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தாயை இழந்த குட்டிகளைப் பாலூட்டி வளர்த்து, 1998 முதல் மீண்டும் காட்டில் விடுகின்றது.

வயலோரத்திலும் பாழ்ங்கிணற்றிலும் மந்தையைப் பிரிந்த குட்டிகள் அகப்படும் நாடு இது. அவற்றுட் காட்டுக்குத் திரும்பக்கூடியவற்றுக்கு வேண்டுவது சிறிதுகாலப் புகலிடம். திரும்ப இயலாதவற்றுக்கே நிலையான வீடு வேண்டும். அவ்வீட்டை வரைபவர் கூரையிலிருந்து தொடங்காது, யானையின் பாதத்திலிருந்து தொடங்குவாராக.